ஒருதலைத் தீர்ப்பும் உறங்கும் தீர்ப்பும்

நீதிமன்றம் அழைத்தும் வாராத பிரதிவாதிக்கு எதிராக, வாதி தரப்புச் சாட்சியத்தை மட்டும் கேட்டு வழங்கப்படும் முடிவை ஒருதலைத் தீர்ப்பாணை என்கிறோம். நீதிமன்ற வளாகங்களில் அதற்கு 'எக்ஸ்பார்ட்டி' என்பதே வழக்குச் சொல். வென்றவர் தாம் பெற்ற தீர்ப்பாணையை நிறைவேற்றிக் கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்திருப்பின், அதனை உறங்கும் தீர்ப்பு எனலாம். முன்னதில் தோற்றவர் உறங்கினார், அல்லது உறங்கியதாகக் கருதப்பட்டார். பின்னதில் வென்றவர் உறங்கினார். இவ்விரு உறக்கங்களையும் நமது சட்டம் ஒரே கோலால் அளப்பதில்லை. தோற்றவர் காட்டும் காரணத்தைக் கேட்கப் பல வாயில்களைத் திறந்து வைத்திருக்கும் சட்டம், வென்றவருக்கு 12 ஆண்டுகள் என்ற நீண்ட தவணையைக் கொடுத்துவிட்டு, அது கடந்தபின் ஒரு நாள் தாமதத்தையும் மன்னிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பெங்களூரில் மல்லேசுவரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்த ஒருவர் கடன் பெறுகிறார். சில தவணைகள் செலுத்துகிறார், பின்னர் நின்றுபோகிறது. அலுவலகம் மாறவே, வீட்டையும் ஒயிட்ஃபீல்டுக்கு மாற்றிக்கொள்கிறார். கடன் படிவத்தில் மல்லேசுவர முகவரியே நிற்கிறது. கடன் கொடுத்தவர் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார். அழைப்பாணை பழைய முகவரிக்குச் செல்கிறது, கதவில் ஒட்டப்படுகிறது, அல்லது நீதிமன்றத்தின் அனுமதியுடன் நாளேட்டில் விளம்பரமாக வெளியாகிறது. அந்த நாளேட்டின் அந்தப் பக்கத்தை அவர் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது சட்டத்தின் நம்பிக்கையே அன்றி வேறில்லை. 2014-இல் ஒருதலைத் தீர்ப்பாணை பிறக்கிறது. இவருக்குச் செய்தி தெரியாது. விரைந்து வளர்ந்து, குடிபெயர்வோர் மிகுந்த நகரத்தில் இஃது அரிய நிகழ்ச்சி அன்று.

பிரதிவாதி வாராமை ஒன்றே வாதிக்கு வெற்றியைத் தந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. வாதி தமது வழக்கை மெய்ப்பித்தாக வேண்டும். வழக்கு காலவரம்புக்கு உட்பட்டதா, தமக்கு அதிகார எல்லை உண்டா என்பவற்றை நீதிபதி தாமே பார்க்க வேண்டும். இடையில் பிரதிவாதி வந்து சேர்ந்தால் அவரை வெளியே நிறுத்த இயலாது. கோட்டா தேர்தல் தீர்ப்பாயம் தொடர்பான வழக்கில் 1955-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: முன்பு வாராதவர் அடுத்த வாய்தாவில் வந்தால், அந்த நிலையிலிருந்து வழக்கில் பங்கு கொள்ளலாம். நடந்து முடிந்தவற்றைத் திரும்ப நடத்த வேண்டுமாயின் மட்டும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 7-இன்படி தக்க காரணம் காட்ட வேண்டும்.

தோற்றவருக்குள்ள வழிகள்

தீர்ப்பாணை பிறந்துவிட்டபின் முதல் வழி கட்டளை 9, விதி 13 ஆகும். தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்தில் மனுச் செய்து, அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படவில்லை என்றோ, போதிய காரணத்தால் வர இயலாது போயிற்று என்றோ காட்டினால், தீர்ப்பாணை நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் கோப்பில் ஏறும். செலவுத் தொகை கட்டுமாறோ, வழக்குத் தொகையில் ஒரு பகுதியை வைப்பீடு செய்யுமாறோ நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வழியில் ஒரு தடையையும் வைத்தது: அழைப்பாணைச் சார்வில் சிறு முறைகேடு இருந்தது என்பதற்காக மட்டும், விசாரணை நாளை அறிந்திருந்து, வருவதற்குப் போதிய அவகாசமும் பெற்றிருந்தவருக்குத் தீர்ப்பாணையை நீக்கித் தரலாகாது. வாய்தா நாளை நன்கறிந்தே வீட்டிலிருந்துவிட்டு, பின்னர் அழைப்பாணையில் எழுத்துப் பிழை தேடுவோரை இது தடுக்கிறது.

காலவரம்பு 30 நாட்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 123-ஆம் இனம் இதனைக் கூறுகிறது. இந்த 30 நாட்கள் எந்நாளிலிருந்து தொடங்கும் என்பதில்தான் மல்லேசுவர நண்பரின் கதி அடங்கியுள்ளது. பொதுவாகத் தீர்ப்பாணை நாளிலிருந்து. ஆனால் அழைப்பாணை முறையாகச் சார்வாகவில்லையெனில், தீர்ப்பாணையைப் பற்றி அவர் அறிந்த நாளிலிருந்து. நாளேட்டு விளம்பரம் போன்ற மாற்றுச் சார்வு முறையான சார்வாகக் கொள்ளப்படாது என்று அவ்வினத்தின் விளக்கமே கூறுவது குறிப்பிடத்தக்கது. வழக்கை நடத்திச் செல்வதற்குப் போதுமான சார்வு, தோற்றவரின் வாயிலை அடைப்பதற்குப் போதாது என்பது இதன் பொருள். தாமதத்தை 5-ஆம் பிரிவின்கீழ் மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மனு தள்ளுபடியானால் அவ்வாணையின் மீது கட்டளை 43-இன்படி மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாம் வழி, தீர்ப்பாணையின் மீதே மேல்முறையீடு செய்வது. 96-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள். உயர் நீதிமன்றத்துக்கு 90 நாட்கள். பெங்களூரு நகரத்துக்கு 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர உரிமையியல் நீதிமன்றம் தனியே அமைக்கப்பட்டமையால், அதன் தீர்ப்பாணைகள் மாவட்ட நீதிபதியிடம் செல்லாமல், கப்பன் பூங்காவை ஒட்டிய செந்நிறக் கட்டடமாகிய அட்டாரா கச்சேரிக்கு, அதாவது கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கே செல்கின்றன. எனவே நகரத்தார்க்கு 90 நாட்கள் கிடைக்கின்றன. வணிக நீதிமன்றத் தீர்ப்பாணைகளுக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாட்கள்.

எதனை முதலில் மேற்கொள்வது? இங்கே பலர் வழி தவறுகின்றனர். மேல்முறையீட்டில் கேட்கத்தக்கது, 'கோப்பிலுள்ள சாட்சியத்தைக் கொண்டு இத்தீர்ப்பை வழங்கியது சரியா' என்பது. விதி 13 மனுவில் கேட்கத்தக்கது, 'நான் ஏன் வரவில்லை' என்பது. மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டால், 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விதி 13-இன் வாயில் மூடிவிடும். மேல்முறையீட்டைத் தாமே திரும்பப் பெற்றால் மட்டும் மூடாது. மாறாக, விதி 13 மனு தோற்றாலும் மேல்முறையீட்டு உரிமை அழிவதில்லை. ஆனால் வாராமைக்கான காரணத்தை அங்கே மீண்டும் எழுப்ப இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019-இல், விதி 13 மனுவை நல்லெண்ணத்துடன் நடத்திச் செலவிட்ட காலத்தை மேல்முறையீட்டுத் தாமதத்துக்குரிய காரணமாகக் கருதலாம் என்றும் அது கொண்டது. ஆகவே தக்க காரணம் உடையவர் விதி 13-ஐ முதலில் நாடுவதே அறிவுடைமை.

மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டாலே தீர்ப்பாணை நின்றுவிடும் என்ற எண்ணமும் தவறு. தடையாணை தனியே பெறப்பட வேண்டும். பணத் தீர்ப்பாணையாயின், தொகையை வைப்பீடு செய்யவோ பிணை தரவோ பெரும்பாலும் நேரும்.

வென்றவரின் உறக்கம்

இனி வென்றவர் பக்கம் திரும்புவோம். 1908-ஆம் ஆண்டின் பழைய காலவரம்புச் சட்டத்தில் தீர்ப்பாணையை நிறைவேற்ற மூன்று ஆண்டுகளே. ஆனால் நிறைவேற்றத்துக்கு உதவும் ஏதேனும் ஒரு நடவடிக்கை எடுத்தால் மேலும் மூன்று ஆண்டுகள் கிடைக்கும். இவ்வாறு நீட்டிக்கொண்டே சென்று, நடைமுறைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு விதித்த 12 ஆண்டு எல்லையைத் தொடுவர். உயிரூட்டுவதற்காகவே மனுப் போட்டு, பின் கைவிடும் வழக்கம் இதனால் வளர்ந்தது. 1964 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இவற்றையெல்லாம் துடைத்துவிட்டு, 136-ஆம் இனத்தில் ஒரே வரம்பாக 12 ஆண்டுகளை வைத்தது. நிலையான தடையுத்தரவுக்கு வரம்பே இல்லை. ஒன்றைச் செய்யுமாறு பணிக்கும் உத்தரவுக்கு மூன்று ஆண்டுகள்.

இந்த 12 ஆண்டுகளுக்கு 5-ஆம் பிரிவின் மன்னிப்பு இல்லை. கட்டளை 21-இன்கீழ் வரும் மனுக்களை அப்பிரிவே விலக்கி வைத்துள்ளது. தடையாணை நிலவிய காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். மேல்முறையீடு முடிவானால் மேல் நீதிமன்றத் தீர்ப்பாணையிலிருந்து கணக்குத் தொடங்கும். ஆனால் எழுத்தர் தீர்ப்பாணையை எழுதி முடித்துக் கையொப்பமான நாளிலிருந்து எண்ண வேண்டும் என்ற வாதத்தை, மேற்கு வங்க இன்றியமையாப் பண்டங்கள் வழங்கு கழகத்தின் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்புச் சொல்லப்பட்ட நாளே கணக்கு நாள். அரசுக் கழகங்களின் சட்டப் பிரிவினர் இதனை நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

பிற நாடுகளில் தீர்ப்பு உறங்குவதும் எழுப்பப்படுவதும் வெளிப்படையான சட்டக் கருத்துகள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏழு ஆண்டுகள் நடவடிக்கையின்றிக் கிடந்த பணத் தீர்ப்பு உறங்கிவிடும். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்து எழுப்பலாம். இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகள் கடந்தால் நிறைவேற்ற ஆணை பெற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நம் நாட்டில் தீர்ப்பாணை இடையில் உறங்குவதாகச் சட்டம் சொல்வதில்லை. ஆயினும் அதன் நிழல் கட்டளை 21, விதி 22-இல் உள்ளது: தீர்ப்பாணை நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நிறைவேற்று மனுச் செய்தால், எதிர்த்தரப்பாருக்கு அறிவிப்பு அனுப்பிக் காரணம் கேட்க வேண்டும். 1976-க்கு முன் இது ஓர் ஆண்டாக இருந்தது. காரணங்களைப் பதிவு செய்து அறிவிப்பைத் தவிர்க்க விதி இடமளித்தாலும், அறிவிப்பே நிறைவேற்றத்துக்கு அடிப்படை என்று பிரிவி கவுன்சில் 1914-இலேயே கூறிவிட்டது.

இங்கேதான் இரு உறக்கங்களும் சந்திக்கின்றன. மல்லேசுவரத்தாருக்கு எதிரான தீர்ப்பாணையைக் கடன் கொடுத்தவர் 2023-இல் நிறைவேற்ற முற்படுகிறார் எனக் கொள்வோம். இம்முறை புதிய முகவரி தேடிக் கண்டுபிடிக்கப்படுகிறது. விதி 22 அறிவிப்பு வருகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாம் தோற்றுப்போனதை அவர் அன்றுதான் அறிகிறார். அழைப்பாணை முறையாகச் சார்வாகாதிருந்தால், அவரது 30 நாட்கள் அன்றே தொடங்குகின்றன. நிறைவேற்று நீதிமன்றத்தில் நின்று, 'தீர்ப்பே தவறு' என்று வாதிடுவது பயன் தராது. அதிகாரமின்றிப் பிறந்த தீர்ப்பாணையாயின் ஒழிய, அந்நீதிமன்றம் தீர்ப்பாணைக்குப் பின்னால் சென்று பார்க்காது. தீர்ப்பளித்த நீதிமன்றத்தில் விதி 13 மனுவும், இங்கே தடைக்கான மனுவும் உடனே வேண்டும்.

சிலர் செய்தியைச் சம்பளப் பட்டியலில்தான் அறிகின்றனர். என் பணிக்காலத்தில் இத்தகைய சம்பளப் பற்றுகை ஆணைகள் மேசைக்கு வந்ததுண்டு. 'அலுவலரின் சொந்த விவகாரம்' என்று கோப்பில் எழுதி ஒதுக்க எண்ணியவர்களையும் கண்டிருக்கிறேன். அது பிழை. பணத் தீர்ப்பாணையில், முதல் 1000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் போக மீதியைப் பிடித்து அனுப்புவது சம்பளம் வழங்கும் அலுவலரின் கடமை. ஆணையை மீறிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால், அத்தொகைக்கு அரசே பொறுப்பாகும்.

பொருளியல் நோக்கில் மற்றொன்றும் உண்டு. தீர்ப்பாணைக்குப் பிந்திய வட்டி, 34-ஆம் பிரிவின்படி பொதுவாக நூற்றுக்கு 6-க்கு மேற்படாது. வணிக நடவடிக்கைகளில் மட்டும் கூடுதலாகலாம். வங்கிக் கடனுக்கு இதைவிடக் கூடிய வட்டி கேட்கப்படும் காலத்தில், தீர்ப்புக் கடனாளிக்குத் தாமதமே மலிவான கடனாகிறது. எனவே தீர்ப்பாணைகள் உறங்குவதெல்லாம் வென்றவரின் சோம்பலால் அன்று. எழுப்ப முயன்றும் எழாதவை மிகப் பல.

பெங்களூரு மைசூர் சாலையிலுள்ள ஒரு நிலத்தைப் பற்றி 1987-இல் தொடங்கிய வழக்கில் 2006-இல் தீர்ப்பாணை கிடைத்தது. வென்றவர் 2021-இலும் உச்ச நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார். அவ்வழக்கில்தான், நிறைவேற்று மனுக்கள் தாக்கலான ஆறு மாதங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும், நீட்டிப்பின் காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 22-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் பணித்தது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றை ஒட்டி, நிலுவைக் கணக்கை அனுப்புமாறு உயர் நீதிமன்றங்களைக் கேட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தொகுக்கப்பட்ட கணக்கில், ஆறு மாதங்களில் 3,38,685 மனுக்கள் முடிக்கப்பட்டபின்னும் 8,82,578 மனுக்கள் நிலுவையில் நின்றன. கர்நாடகத்தின் எண்ணிக்கை வந்து சேராமையால் அத்தொகையில் அது அடங்கவில்லை.