கட்டம் போட்ட நோட்டும் பாதாளக் கோட்டையும்

பெரியபாளையம் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு அபிமன்யுவின் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை: வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. 1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ‘விசார்ட்ரி’ விளையாட்டும் இதே சங்கடத்தில்தான் ஆட்டக்காரரை மாட்டிவிடுகிறது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் உருவாக்கிய பாதாளம் அது. மொத்தம் பத்து அடுக்கு. ஒவ்வொன்றிலும் இருபதுக்கு இருபது கட்டங்கள். திரையில் தெரிவதோ எதிரே இருக்கும் சுவர்களின் கோடுகள் மட்டும். ஒரு கட்டம் முன்னே போகலாம், கால் வட்டம் திரும்பலாம். வரைபடத்தை நாமே தாளில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வகை ஆட்டத்தின் உயிரே அந்தத் தாள்தான் என்பது என் கட்சி. சில கட்டங்களில் கால் வைத்தால் விளையாட்டு சத்தமில்லாமல் நம்மைத் திருப்பிவிடும். வடக்கு என்று நினைத்துத் தெற்கே நடப்போம். பென்சில் கோடு சுவரோடு பொருந்தாதபோதுதான் விஷயம் புரியும். எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று சொல்ல ஒரு மந்திரம் உண்டு. அதையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

அந்தக் காலக் கணினிக்கு அவ்வளவுதான் முடிந்தது, இன்று அதைக் கொண்டாடுவது வெறும் பழைய நினைப்பு என்பார்கள். அப்படியானால் 2007-இல் ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் ‘எட்ரியன் ஒடிஸி’யில் நிண்டெண்டோ டிஎஸ்ஸின் கீழ்த் திரையை ஆட்டக்காரர் கையால் வரைபடம் போடுவதற்கென்றே ஒதுக்கியது ஏன்? 2012-இல் பின்லாந்தின் சின்னஞ்சிறு குழு ஒன்று வெளியிட்ட ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’ இன்னும் நல்ல சாட்சி. எந்தக் காட்சியையும் காட்டவல்ல கணினிகள் வந்த பிறகும் அவர்கள் கட்டங்களையே வைத்துக்கொண்டார்கள். தானியங்கி வரைபடம் வேண்டாம் என்பவர்களுக்குத் தனி முறையும் கொடுத்தார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருபவருக்கு இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ‘விசார்ட்ரி’யில் நாம் நடத்திச் செல்லும் வீரர் குழு முழுவதும் மடிந்தால் உடல்கள் அங்கேயே கிடக்கும், புதுக் குழு போய் மீட்டு வர வேண்டும். அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதில் அவசரம் கிடையாது. நாம் விசையைத் தட்டாதவரை எதிரியும் நகர மாட்டான். நடுவில் சாப்பிட்டுவிட்டு வரலாம். 1987-இல் வந்த ‘டன்ஜியன் மாஸ்டர்’ எதிரிகளைத் தாமாக நடமாடவிட்டு அந்த நிதானத்தைக் கெடுத்தது, விறுவிறுப்பைக் கூட்டினாலும். புதிதாகத் தொடங்குபவர்கள் ‘கிரிம்ராக்’கில் வரைபடத்தை அணைத்துவிட்டு, பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில்.