எழுத்தறிவு ப்ராஜெக்ட்ல சைக்கிளுக்கு என்ன வேலை?

"ஒரு சின்ன சேஞ்ச்தான்" என்று ஆரம்பிக்கிற மெயில் எல்லார் இன்பாக்ஸிலும் இருக்கும். க்ளையன்ட் ஒண்ணு கேட்பார், மேனேஜர் ஒண்ணு சேர்ப்பார், லிஸ்ட் நீண்டுகிட்டே போகும். டெட்லைன் மட்டும் நகராது. அப்போ புதுசா வர்ற கோரிக்கைக்கு எதை வெச்சு 'சரி' இல்லன்னா 'வேண்டாம்' சொல்றது? இந்த எபிசோடில் பதில் தேடி புதுக்கோட்டைக்குப் போறோம்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். இது தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கீழ் நடந்த வேலை. அதன் அளவுகோல்கள் ரொம்பத் தெளிவு: படிக்க வந்தவர் எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டு வாசிக்கணும், 1 முதல் 100 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரியணும். இப்படித்தான் ஒரு ரெக்வயர்மென்ட் இருக்கணும். முடிஞ்சதா இல்லையான்னு சோதிச்சுப் பார்க்கலாம்.

இந்த லிஸ்டில் சைக்கிள் கிடையாது. ஆனாலும் பெண்களுக்கு சைக்கிள் கற்றுத் தருவதையும் கலெக்டர் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

நம்ம ஆபீஸா இருந்தா, "இது ஸ்கோப்பில் இல்லையே" என்று யாராவது கை தூக்கியிருப்பாங்க. அங்கே இலக்கு, எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் தன் வாழ்க்கையைத் தன்னம்பிக்கையோடு நடத்தணும். பக்கத்து ஊருக்குப் போகக்கூட இன்னொருத்தரை நம்பி இருப்பது அந்த நம்பிக்கையைக் குறைக்குது. அந்த இலக்கை வெச்சுப் பார்த்தா, சைக்கிள் வெளியிலிருந்து ஒட்டின ஃபீச்சர் இல்லை. லிஸ்டில் விட்டுப்போன ஒரு தேவை.

முதலில் இயக்கத்தின் பெண் தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள், பிறகு படிக்க வந்தவர்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடானது. நடுவில் ஒரு சிக்கல்: 'லேடீஸ் சைக்கிள்' போதுமான அளவு கிடைக்கவில்லை. லேடீஸ் சைக்கிள்தான் ரெக்வயர்மென்ட் என்று பிடிச்சிருந்தா வேலை அங்கேயே நின்றிருக்கும். இலக்கு என்ன? அவங்க தானா போய்வரணும். அதுக்கு ஜென்ட்ஸ் சைக்கிள் போதுமே! முன்னாடி இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு.

1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் பேரணி போனார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

இதை நம்ம வேலைக்குக் கொண்டுவருவோம். ஆஸ்பத்திரி டோக்கனுக்கு ஒரு ஆப் செய்றீங்கன்னு வைங்க. இலக்கு: நோயாளி வரிசையில் காத்திருக்கும் நேரம் குறையணும். 'டார்க் மோட் வேணும்' என்று ஒருவர் கேட்கிறார். காத்திருக்கும் நேரம் குறையுமா? குறையாது, அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம். ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவருக்கு எஸ்எம்எஸ்ஸில் டோக்கன்? லிஸ்டில் இல்லாவிட்டாலும் இப்பவே உள்ளே வரணும். அதுதான் உங்க சைக்கிள்.

ஆக, மூணு கேள்வி:

1. இந்தக் கோரிக்கை எந்த இலக்குக்கு உதவுது?
2. இது இல்லாம அந்த இலக்கை அடைய முடியுமா?
3. கேட்பது தேவையா, இல்ல தேவைக்கான பல வழிகளில் ஒண்ணா?

மூணாவதைத்தான் நாம அடிக்கடி மறக்கிறோம். 'லேடீஸ் சைக்கிள்' ஒரு வழி, தேவை, போய்வருவது.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. 'பயனாளர் மகிழ்ச்சி' மாதிரி இலக்கு ரொம்ப அகலமா இருந்தா எல்லாமே உள்ளே வந்துடும். எதையும் வெளியே நிறுத்தாத இலக்கால் ஸ்கோப்பைக் காப்பாத்த முடியாது. உங்க ப்ராஜெக்டின் இலக்கை இன்னிக்கே ஒரே வரியில் எழுதி, லிஸ்டில் இருக்கிற கடைசி அஞ்சு கோரிக்கைகளை அதோடு வெச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!