சிரம்பியடியின் மஞ்சா: ஓர் இசைமரபின் சமூகப் பின்னணி

புத்தளக் கரையோர நாட்டாரிசை பற்றிப் பேசுமிடத்து உடப்பு மீனவரின் அம்பாப் பாடல்களே நம் நினைவுக்கு முதலில் வருவன. அதே மாவட்டத்தில், புத்தளம் நகருக்கு அணித்தாயுள்ள சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் ‘மஞ்சா’ இசையை நாம் அவ்வாறு நினைவுகூர்வதில்லை. நாட்டார் வழக்காறு என்பதைத் தமிழ்ப் பாட்டு என்றே குறுக்கிக்கொண்டமை இதற்கொரு காரணம் எனலாம்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவருமே ஆபிரிக்கரை இலங்கைக்குக் கொணர்ந்தனர். கோட்டை கட்டவும் கண்டிக்கு எதிராகப் போரிடவும் இவர்களது உழைப்பும் உயிரும் பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியரின் இலங்கைப் படையணிகளில் பணியாற்றிப் புத்தளப் பகுதியில் குடியமர்ந்தோரின் வழித்தோன்றல்களே சிரம்பியடியார். ‘காப்பிரி’ என்ற பெயர் நம்பிக்கையற்றோரைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. அப்பெயரைச் சுமப்பவர்களோ கத்தோலிக்கர்!

மஞ்சா தனிப் பாடகரின் அரங்கன்று. கூடியிருப்போர் அனைவருக்கும் உரியது. சில வரிகளே கொண்ட பாட்டு மீண்டும் மீண்டும் பாடப்படும். மெல்லெனத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைவுபெற, அமர்ந்திருந்தோர் எழுந்து ஆடத் தொடங்குவர். டோலக்குடன் தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் என வீட்டுப் பொருள்களே வாத்தியங்களாகின்றன. வறுமை கருவிகளை மறுத்தவிடத்து அடுக்களை அவற்றை வழங்கிற்று.

பாடலின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். இன்று இவர்களின் வீடுகளில் வழங்குவனவோ சிங்களமும் தமிழும். ஆகவே இளையோர் ஒலியைக் கேட்டு மனனஞ் செய்கின்றனர், பொருள் மங்கிவிட்டது. அயர்லாந்தின் கானமரா பகுதியிற் பிறந்த நாட்டார் பாடகர் ஜோ ஹீனி (1919–1984) நியூயோர்க்கில் வாயிற்காவலராக வேலைசெய்து, பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பாட்டுக் கற்பித்தார். ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்றும் ஐரிஷ் மொழி அவரோடிருந்தது. சிரம்பியடியார் ஊரிலேயே இருக்க, மொழிதான் அவர்களைவிட்டு அகன்றது.

இத்தகைய இசையின் பயனை நுகர்ந்தவர் எவர்? ‘பைலா’ என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லடியாகப் பிறந்தது. அதற்கு மூலமான ‘காபிரிஞ்ஞா’ என்ற பெயரிலேயே ஆபிரிக்கர் இருக்கின்றனர். 1940களில் பொலிஸ் சேவையினரான வாலி பஸ்தியன் அத்தாளத்தைச் சிங்களப் பாடலுக்குள் கொணர்ந்தார். 1970களில் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ வழியாகப் பைலாத் துள்ளல் தமிழகத்தையும் எட்டிற்று. இசைத்தட்டுகள் விற்றன; திருமண வீடுகள் ஆடின. சிரம்பியடியின் சிரட்டையொலி மட்டும் அண்மைக்காலம்வரை ஊரெல்லையைப் பெரிதும் தாண்டவில்லை. ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளரின் எழுத்துகளாலேயே அது வெளியுலகின் கவனத்தைப் பெற்றது. மேடைகளுக்கு இவர்கள் அழைக்கப்படுவது வரவேற்கத்தக்கதே. எனினும் காட்சிப்பொருளாக அழைக்கப்படுவதும் கலைஞராக மதிக்கப்படுவதும் ஒன்றல்ல.

செய்யத்தக்க பணியொன்று உண்டு. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலரிடையே போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் பேச்சுவழக்கில் உள்ளது. அவர்களும் காபிரிஞ்ஞா ஆடுபவர்களே. மஞ்சாப் பாடல்களை ஒலிப்பதிவுசெய்து அம்முதியோரிடம் கொண்டுசென்றால் மங்கிய சொற்கள் சில தெளிவுபெறக்கூடும். அவர்கள் அன்றாடம் பேசும் மொழி தமிழ். மஞ்சாவின் பொருள் சிரம்பியடிக்குத் தமிழ்வழியே திரும்பிவர வாய்ப்புண்டு. அதற்கு வேண்டியவை ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் மட்டக்களப்புக்குப் பயணச்சீட்டுகள் சிலவுமே.