அக்ரூட் மரமும் கிதாரின் நாதமும்

அக்ரூட் என்றும் வால்நட் என்றும் நாம் விற்கும் பருப்பைப் பற்றி வணிக நண்பர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முழுப் பாதியா, உடைசலா, நிறம் வெளுப்பா, பழுப்பா, சிக்கு வாடை அடிக்கிறதா என்பதையெல்லாம் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். ஆனால் அதே மரத்தின் இனத்திலிருந்து கிதார் என்னும் இசைக்கருவி செய்யப்படுகிறது என்பதும், அந்த மரத்தின் நாதம் உயர்வா மட்டமா என்று மேல்நாடுகளில் ஓயாத வாதம் நடக்கிறது என்பதும் எங்களுக்கு அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிய வந்தது. தெரிய வைத்தது ஒரு கடை அனுபவம். அதில் வியாபாரிகளான நமக்கும் ஒரு பாடம் இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு கல்லூரி விடுமுறையில் எங்கள் பேரன் இரண்டு மாதம் கடையில் இருந்து பொட்டலம் போட்டான், கணக்கு எழுதினான். அதற்கு நாங்கள் கொடுத்த பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்து, கிதார் வாங்க வேண்டும் என்றான். நகரத்தில் ஒரு பெரிய இசைக்கருவிக் கடைக்கு அழைத்துப் போனோம். விற்பனையாளர் இரண்டு கிதார்களை எடுத்து வைத்தார். ஒன்றின் உடல் வால்நட், மற்றது ரோஸ்வுட் என்றார். விலையில் ஒன்பதாயிரம் ரூபாய் வித்தியாசம்.

“ஏன் தம்பி இவ்வளவு வித்தியாசம்?” என்று கேட்டோம்.

“ரோஸ்வுட்னா சவுண்டே வேற சார். வால்நட் எல்லாம் அதுக்குக் கீழதான்” என்றார் அவர்.

பேரன் கையிலிருந்த பணம் வால்நட் கிதாருக்குத்தான் போதும். அவன் முகம் வாடிவிட்டது. “பரவாயில்ல தாத்தா, இன்னும் ரெண்டு மாசம் கடையில இருந்து சேர்த்துக்கிறேன்” என்றான். இரண்டு மாத உழைப்புக்குச் சமமான தொகை ஒரே வார்த்தையில் ஏறுகிறதே என்று எங்களுக்கு உறுத்தியது. இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பி வந்து, விசாரிக்கத் தொடங்கினோம். சரக்கு தெரியாமல் கொள்முதல் செய்யக் கூடாது என்பது எங்கள் தகப்பனார் சொன்ன முதல் பாடம்.

எந்தப் பலகைக்கு என்ன வேலை?

கிதாரில் கம்பிகள் அதிரும்போது அந்த அதிர்வு குதிரை என்ற கட்டை வழியாக முன்பக்கத்துப் பலகைக்குப் போகிறது. நடுவில் வட்டத் துளை உள்ள பலகை அதுதான். பெரும்பாலும் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்திருப்பார்கள். காற்றை அசைத்து ஒலியைப் பெருக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. அதற்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைப் போடுகிறார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம்.

பின்பலகையும் பக்கப் பலகைகளும் பெட்டியை மூடி நிறுத்துகின்றன. வால்நட்டா, ரோஸ்வுட்டா, மகோகனியா, மேப்பிளா என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தப் பின்பக்கத்தைப் பற்றியதுதான். விற்பனையாளர் ஒன்பதாயிரம் கூடுதலாகக் கேட்டதும் இதற்கே.

1862ஆம் ஆண்டிலேயே ஸ்பெயின் தேசத்துக் கிதார்க் கலைஞர் அந்தோனியோ தே தோரெஸ் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். முன்பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்து, பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்தார். அந்தக் கிதார் இன்றும் பார்சிலோனா நகரத்து இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் டெய்லர் கிதார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் டெய்லர் 1995ல் செய்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கிடங்குகளில் மூட்டைகளும் பெட்டிகளும் அடுக்கி வைக்கும் பேலட் பலகை இருக்கிறதல்லவா? அப்படிக் கழித்துப் போட்ட ஒரு பேலட்டின் ஓக் மரத்தை எடுத்துக் கிதாரின் பின்பக்கமும் பக்கங்களும் செய்து காட்டினார். மரத்தைவிடச் செய்கிற கை முக்கியம் என்று காட்டுவதே அவர் நோக்கம்.

மரங்களின் தராதரம்

மரத்துக்கு மரம் வித்தியாசமே இல்லையா என்றால், உண்டு. தராசில் வைத்தாலே தெரியும். ஒரு கன மீட்டர் உலர்ந்த மரத்தின் எடை மகோகனிக்குச் சுமார் 590 கிலோ, கருப்பு வால்நட்டுக்குச் சுமார் 610 கிலோ, கடின மேப்பிளுக்குச் சுமார் 700 கிலோ. இந்திய ரோஸ்வுட்டுக்கு 800 கிலோவுக்கு மேல் போகிறது.

கிதார் செய்பவர்களும் வாசிப்பவர்களும் வழக்கமாகச் சொல்லும் குணங்கள் இவை. ரோஸ்வுட்டில் கீழ்ச் சுரம் ஆழமாகவும், ஒலி நீண்டு நிற்பதாகவும் சொல்வார்கள். மகோகனியில் ஒலி நேராகவும் சுருக்கமாகவும் வரும். மேப்பிளில் சுரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்டு, சீக்கிரம் அடங்கும். வால்நட் மகோகனிக்கும் ரோஸ்வுட்டுக்கும் நடுவில் நிற்கும் என்பது பொதுவான கருத்து. வேலைப்பாட்டில் வால்நட்டுக்கு நல்ல பெயர். சூடேற்றி வளைத்தால் இணங்கும். இழைப்புக்கும் மெருகுக்கும் ஏற்றது. காய்ந்த பிறகு அதிகம் கோணாது. வரிகளும் அழகு.

இதில் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் விற்கும் பருப்பு பாரசீக வகை மரத்துடையது. காஷ்மீரத்திலிருந்தும், கலிபோர்னியா, சிலி தேசங்களிலிருந்தும் வருவது இதுதான். கிதாருக்கு அதிகம் போவது அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் வளரும் கருப்பு வால்நட். இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு ரகம். ஆனால் கலிபோர்னியாத் தோப்புகளில் இரண்டு உறவும் கூடிவிடுகிறது. அங்கே உள்ளூர்க் கருப்பு வால்நட்டின் வேர்க்கட்டையில் பாரசீக ரகத்தை ஒட்டுக்கட்டி வளர்க்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மரம் முதிர்ந்து காய்ப்பு குறைந்ததும் வெட்டுவார்கள். அடிப்பகுதியில் கிடைக்கும் கருமையான மரத்துக்குக் ‘கிளாரோ வால்நட்’ என்று பெயர். கிதார் செய்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். பல ஆண்டுகள் நம் போன்ற கடைகளுக்குப் பருப்பு கொடுத்த மரம், ஓய்வு பெற்ற பிறகு பாட்டுக் கச்சேரிக்குப் போகிறது.

கண்ணை மறைத்துப் பார்த்த சோதனை

மேலே சொன்ன குணங்கள் காதுக்கு உண்மையிலேயே தெரிகின்றனவா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மற்றவர்களுடன் சேர்ந்து இதைச் சோதித்து 2018ல் வெளியிட்டார்கள். ரோஜர் பக்னால் என்ற அனுபவம் மிக்க கிதார்க் கலைஞர் ஆறு கிதார்கள் செய்து கொடுத்தார். அளவு, அமைப்பு, முன்பலகை எல்லாம் ஒரே மாதிரி. பின்பக்கமும் பக்கங்களும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என்று ஆறு மரங்கள். மர விலையில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம்.

52 கிதார்க்காரர்களை மங்கலான அறையில் உட்கார வைத்து, வெல்டிங் பட்டறையில் போடும் கருப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். எது எந்த மரம் என்று கண்ணால் அறிய வழியில்லை. ஆறு கிதார்களுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வேறு 31 பேரிடம் இது அதுவா, வேறா என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, அவர்களாலும் எளிதில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கருவி கொண்டு அளந்த சிறு வித்தியாசங்களும் பெரும்பாலும் கைவேலையில் இயல்பாக நேரும் ஏற்றத்தாழ்வுகளே என்று தெரிந்தது.

பின்பலகையின் மரத்தால் ஒலியில் வரும் மாறுதல் மிகச் சிறியது என்பதே அவர்கள் முடிவு. கம்பிக் கிதாரைக் கொண்டு செய்த சோதனை இது. முன்பலகைக்கு இந்த முடிவைப் பொருத்தக் கூடாது. ஆனால் “வால்நட் எல்லாம் அதுக்குக் கீழதான்” என்ற பேச்சுக்கு இதில் ஆதாரமில்லை.

பெயருக்கு விலை

அப்படியானால் ரோஸ்வுட்டுக்கு ஏன் இந்த மதிப்பு? இதைப் புரிந்துகொள்ள நமக்கு இசை ஞானம் தேவையில்லை, வியாபார ஞானம் போதும். தட்டுப்பாடும் பழைய பெயரும் சேர்ந்தால் விலை ஏறும்.

முற்காலத்தில் முதல் ரகம் என்று கொண்டாடப்பட்டது பிரேசில் ரோஸ்வுட். வெட்டி வெட்டி அது அருகிப் போயிற்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் கிதார் நிறுவனம் 1969ல் அதை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அந்த இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம். தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்த மரங்களும் இதில் உண்டு. இன்று பெயர் சொல்லி விலை ஏற்றும் ஈட்டியே ஒரு காலத்தில் மாற்றுச் சரக்காகக் கப்பல் ஏறியதுதான். இன்று வால்நட் நிற்கும் இடத்தில் அன்று ஈட்டி நின்றது.

1992ல் பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் மிகக் கடுமையான தடை வந்தது. 1994ல் தமிழக அரசு ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரியில் ஈட்டியையும் சேர்த்து ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்து, தேசம் விட்டுத் தேசம் விற்கப் பத்திரங்கள் தேவைப்பட்டன. முடிவு பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. கருப்பு வால்நட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. காட்டில் குறைந்துவரும் மரத்தை, காதுக்கே தெரியாத வித்தியாசத்துக்காக வெட்ட வேண்டுமா என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

எங்கள் கடையில் நடந்தது

கிதார்க் கடைக்காரரைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு முழுதாக உண்டா என்றால், இல்லை. 1980ல், வியாபாரம் பழகிக்கொண்டிருந்த வயது. ஒரே மூட்டைத் துவரம்பருப்பை இரண்டு சாக்கில் கொட்டி, ஒன்றில் ‘முதல் ரகம்’ என்று அட்டை குத்தி, கிலோவுக்கு ஐம்பது காசு கூட்டி விற்றோம். ஒரு பள்ளி ஆசிரியர் மாதந்தோறும் முதல் ரகமே வேண்டும் என்று கேட்டு வாங்குவார். “உங்க கடைப் பருப்புதான் நல்லா குழையுது” என்று பாராட்டவும் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. அட்டை அவர் நாவில் ருசியைக் கூட்டியிருந்தது.

நான்காம் மாதம் தகப்பனார் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. கணக்குப் பார்த்து, கூடுதலாக வாங்கிய காசை எண்ணிக் கையில் கொடுத்து, ஆசிரியர் வீட்டில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். வாசலில் நின்று உண்மையைச் சொன்ன அந்தக் கால் மணி நேரம் இன்றும் மறக்கவில்லை. ஆசிரியர் காசை வாங்கிக்கொண்டார்; ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் வழக்கம்போலக் கடைக்கு வந்தார்.

மறுபடியும் கிதார்க் கடையில்

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இம்முறை மூன்று கேள்விகள் கேட்டோம். முன்பலகை ஒரே முழு மரமா, ஒட்டுப்பலகையா? பின்பலகை முழு மரமா, மேலே மெல்லிய தகடு ஒட்டியதா? விலை ஏன் கூடுதல்? விற்பனையாளர் விவர அட்டையை எடுத்துப் படித்தார். ரோஸ்வுட் என்று சொன்ன கிதாரின் பின்பக்கம், மேலே ரோஸ்வுட் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகை. துளை வழியாக உள்ளே பார்த்தபோது வெளியே தெரிந்த வரிகள் உள்ளே இல்லை. வால்நட் கிதாரும் அதே மாதிரி ஒட்டுப்பலகைதான். ஆனால் இரண்டுக்கும் முன்பலகை முழு ஸ்ப்ரூஸ்.

பேரனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, விற்பனையாளரை இரண்டையும் மாற்றி மாற்றி ஐந்து முறை வாசிக்கச் சொன்னோம். பேரன் சொன்னதில் இரண்டு சரி, மூன்று தப்பு. வாசித்த தம்பியே சிரித்துவிட்டார். “நானும் கம்பெனியில சொன்னதைத்தான் சார் சொன்னேன்” என்றார். அவர்மீது எங்களுக்குக் கோபமில்லை. நாமும் மேலே சொன்னதைக் கீழே சொல்லியே பழகியவர்கள்தானே.

வால்நட் கிதாரை வாங்கினோம். வீட்டில் ஈரப்பதம் கூடினாலும் குறைந்தாலும் முழுமரப் பலகைக்கு ஆகாது, பாதிக்குப் பாதி அளவில் இருந்தால் நல்லது என்று அந்தத் தம்பியே சொல்லிக் கொடுத்தார். பருப்பைப் போலவே கிதாருக்கும் காற்றுப் படாத பெட்டி வேண்டுமாம்.

நண்பர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். கடைக்கு வருகிறவர் “எது நல்லது?” என்று கேட்டால், விலை கூடிய சரக்கை நோக்கிக் கை நீட்டுவதற்கு முன்னால், எதனால் விலை கூடுதல் என்பதைச் சொல்லிவிடுவோம். வெளுத்த அக்ரூட் பருப்பு பார்வைக்கு அழகு, பலகாரத்தின் மேலே வைக்க ஏற்றது. அரைத்துக் கலப்பதற்குச் சிக்கில்லாத பழுப்பு நிறமோ உடைசலோ போதும் என்று சொன்னால் அன்றைக்கு நமக்குச் சில ரூபாய் குறையும். வாங்கியவர் மறுபடி நம் கடைக்கே வருவார்.

பேரன் இந்த விடுமுறையிலும் கடைக்கு வந்தான். இரவில் கடை சாத்திய பிறகு கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசிக்கிறான். பக்கத்தில் அக்ரூட் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.