தோத்தாலும் 'நம்ம டீம்': வில்லியம்ஸை ரசிகர்கள் கைவிடாதது ஏன்?

2019 சீசன் முழுக்க 21 ரேஸ். கிடைத்தது ஒரே ஒரு பாயின்ட். அடுத்த வருஷம் அதுவும் இல்லை, பூஜ்யம்! ஃபார்முலா 1-ல் 9 முறை அணிகளுக்கான சாம்பியன் பட்டம் வென்ற வில்லியம்ஸின் கதை இது. கோவையின் நரேன் கார்த்திகேயன் டெஸ்ட் டிரைவராக இருந்த அதே டீம்.

என்ன ஆச்சு?

ஃபெராரி, மெர்சிடிஸ் மாதிரி பின்னால் பெரிய கார் கம்பெனி கிடையாது. செலவுக்கு உச்சவரம்பு இல்லாத காலத்தில் பணக்கார அணிகளோடு மல்லுக்கட்ட முடியவில்லை. 2020-ல் டீமை விற்றுவிட்டு வில்லியம்ஸ் குடும்பம் வெளியேறியது.

அப்புறமும் ஏன் ரசிகர்கள்?

ஜெயிக்கிற டீமுக்குக் கைதட்ட எல்லோரும் வருவார்கள். கடைசி வரிசை காருக்கோ 10-வது இடம் கிடைத்தாலே தீபாவளிதான்; அதுக்கே ஒரு பாயின்ட் உண்டு. டிரைவர் டீம் மாறலாம். ஜார்ஜ் ரஸல் 3 வருஷம் ஓட்டிவிட்டு மெர்சிடிஸுக்குப் போனார். ரசிகரும் மாறிவிட்டால், காத்திருந்த வருஷமெல்லாம் வீண்.

காத்திருந்ததுக்குப் பலன்?

2021-ல் செலவு உச்சவரம்பு வந்தது. 2025 செப்டம்பரில் பாகு ரேஸில் கார்லோஸ் சைன்ஸ் 3-வது இடம் பிடித்தார். அந்த சீசனை டீம் 5-வதாக முடித்தது. 2012-க்குப் பிறகு ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லைதான். ஆனா, பூஜ்யத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த 3-வது இடத்தோட அருமை தெரியும்.