கைவிட்ட மருந்து கை கொடுத்தது!

பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் காதில் குரல் கேட்கிறது. "சோற்றில் விஷம் வைத்திருக்கிறாள்" என்று பெற்ற தாயையே சந்தேகப்படச் சொல்கிறது.

இது பேய் அல்ல. செய்வினையும் அல்ல. மனச்சிதைவு என்ற நோய்.

மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அதைக் கொண்டு போகும் தபால்காரர்களில் ஒருவர், "டோபமின்" என்ற ரசாயனப் பொருள். இந்த நோயில், மூளையின் ஒரு பகுதியில் அவர் அளவு மீறி ஓடுகிறார். யாரும் எழுதாத கடிதம்கூட வந்து சேருகிறது!

1952-ல் பாரீஸ் நகர டாக்டர்கள் "குளோர்புரோமசின்" மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது தபால்காரர் நுழையும் கதவை அடைத்தது. பலருக்குக் குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கியது, உடம்பு விறைத்தது. சிலருக்கோ எந்த மருந்தும் கேட்கவில்லை.

நடுக்கம் இல்லை

1950-களின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் "குளோசபின்" பிறந்தது. இது கதவைத் தாழ் போடுவதில்லை; லேசாகச் சாத்துகிறது. "செரோடோனின்" என்ற இன்னொரு தபால்காரரின் கதவையும் சாத்துகிறது. நோய் தணிந்தது. நடுக்கம் மிகக் குறைவு. "நடுக்கம் தராதது எப்படி மருந்தாகும்?" என்று அந்தக் கால டாக்டர்கள் சிலர் சந்தேகப்பட்டார்களாம். வேடிக்கைதான்!

பின்லாந்தில் விபரீதம்

1975-ல் பின்லாந்தில் இந்த மருந்தைச் சாப்பிட்ட சிலருக்கு, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்தன. அவை உடம்பின் காவல்காரர்கள். காவல் போனதும் கிருமிகள் புகுந்தன. 8 பேர் இறந்தனர். பல நாடுகளில் மருந்து நிறுத்தப்பட்டது.

நிறுத்தியதும் இன்னொரு சங்கடம். தெளிந்திருந்தவர்கள் சிலர் மறுபடி குரல் கேட்கத் தொடங்கினார்கள். சில இடங்களில் தனி அனுமதி வாங்கி, அவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் டாக்டர் ஜான் கேன் குழுவினர், பல மருந்துகளுக்கும் மசியாத 268 நோயாளிகளிடம் இரண்டு மருந்துகளையும் சோதித்தார்கள். முடிவு 1988-ல் வெளிவந்தது. 6 வாரத்தில் குளோர்புரோமசின் 100-க்கு 4 பேருக்குத்தான் குணம் காட்டியது. குளோசபின் 30 பேருக்கு!

1989-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது, ஒரு நிபந்தனையோடு. வாராவாரம் ரத்தப் பரிசோதனை. பரிசோதனை இல்லையேல் மாத்திரை இல்லை.

வீட்டார் கவனிக்க

இன்றும் மற்ற மருந்துகள் தோற்ற பிறகுதான் இதைத் தருகிறார்கள். எச்சில் வடியும். தூக்கம் வரும். உடம்பு பருக்கும். மலச்சிக்கல் முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆரம்பத்தில் ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும். பிறகு இடைவெளி கூடும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போய், "குளோசபின் சாப்பிடுகிறார்" என்று சொல்லி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.