பழைய முகவரிக்கு வருகிறவர்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியில் 1989-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேர்ந்து ஒரு இணையதளம் வைத்திருந்தோம். ஆண்டுவிழா நாடகத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள், வாத்தியார்களைப் பற்றிய கட்டுரைகள், காலமாகிவிட்ட இரண்டு நண்பர்களுக்கான நினைவுக் குறிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. போன வருடம் ஒருநாள் திறந்து பார்த்தால் ஆன்லைன் சீட்டாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தளத்தின் பெயரைப் பதிந்த நண்பர் தன் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். பிறகு வேலை மாறிவிட்டார். ரெனிவல் கடிதங்கள் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.

டாட் காம் பெயர் காலாவதியானால் மறுநாளே பறிபோய்விடாது. பதிந்துகொடுத்த நிறுவனத்தைப் பொறுத்து, அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க அவகாசம் கிடைக்கும். அதற்குமேல் 30 நாள், கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். கடைசி 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். பழைய தளங்களின் பெயர்களுக்காகவே காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரைத் தேடி ஏற்கெனவே ஆட்கள் வருகிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு அதன் விலை. எங்கள் பள்ளித் தளம் அப்படித்தான் போனது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. கூகுளின் பிளாகர் சேவை, 2012-ல் தொடங்கிச் சில ஆண்டுகள், இந்திய வாசகர்களை 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று முடியும் முகவரிக்குத் திருப்பிவிட்டது. அந்தப் பெயர் 2020-ல் கூகுளின் கையைவிட்டுப் போனது. நடுவில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் இங்கே உள்ளவர்கள் பிரவுசரில் தெரிந்த முகவரியைத்தானே எடுத்து ஒட்டியிருப்பார்கள்? நம் பதிவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட இணைப்புகளில் எத்தனையோ ஒரே அடியில் செத்தன. பதிவுகள் எழுதியவர் கணக்கில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்குப் போகும் வழிதான் அடைபட்டது.

பள்ளித் தளம் பறிபோனது தெரிந்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். என் பொறுப்பில் நான்கு தளங்கள்: என் வலைப்பூ, அம்மாவின் சமையல் குறிப்புகள், ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒன்று, என் மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒன்று. மூன்று நிறுவனங்களில், நான்கு தேதிகளில், இரண்டு மின்னஞ்சல்களில் சிதறிக் கிடந்தன. நோட்டில் தளத்துக்கு ஒரு பக்கம். பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது, யார் பேரில், எந்த மின்னஞ்சலில், எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, கடைசி பேக்கப் எந்தத் தேதி, எந்த ஹார்ட் டிஸ்க்கில், நான் இல்லாவிட்டால் யாரைக் கேட்க வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவில்லை.

பெயரையும், தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங்கையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. செல்போன் நம்பரும் செட்டும் போலத்தான். நம்பர் நம் பேரில் இருந்தால் எந்தச் செட்டுக்கும் மாறிக்கொள்ளலாம். மலிவு என்பதற்காக ஹோஸ்டிங்காரரே 'இலவசமாக' பதிந்து தரும் பெயரை வாங்கும்போது, அது யார் பேரில் பதிவாகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு இடத்துக்கு மாறும்போதுதான் சிக்கல் வெளியே தெரியும்.

நான்கையும் ஒரே ஹோஸ்டிங் கணக்குக்குக் கொண்டுவர முடிவு செய்தேன். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் அக்கா மகன் போனில் முதலில் கேட்டது, "சித்தி, எம்எக்ஸ் ரெக்கார்டை எழுதி வச்சிட்டீங்களா?" நான் எழுதி வைக்கவில்லை. மொழிபெயர்ப்புத் தளத்தின் பெயர் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று சொல்லும் நேம்சர்வரை அவசரப்பட்டு முந்தின நாளே மாற்றியிருந்தேன். தளம் புது இடத்தில் அழகாகத் திறந்தது. ஆனால் அந்தப் பெயரில் வரும் கடிதங்களை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும் வரி புது இடத்தில் இல்லை. இரண்டு நாள் எனக்கு வந்த கடிதங்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயின. பழைய இடத்தில் இருக்கும் ஒவ்வொரு ரெக்கார்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுத்த மூன்றையும் தொட்டேன்.

டிடிஎல் என்ற எண்ணையும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். உங்கள் தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்ற பதிலை மற்ற கணினிகள் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான் அது. 86400 என்று இருந்தால் ஒரு முழு நாள். மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட்டால், மாறிய ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய எல்லோரும் புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போதும் பழைய கணக்கை ஒரு மாதமாவது விட்டுவைக்க வேண்டும்.

அம்மாவின் சமையல் தளம்தான் என்னை அழவைத்தது. 2006-ல் வேர்ட்பிரஸில் தொடங்கியது. டேட்டாபேஸை எடுத்துப் புது சர்வரில் ஏற்றியதும், வத்தக்குழம்பு இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய 'ஏ'க்களும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறிகளும் பக்கம் பக்கமாக நின்றன. யூனிகோடை இணையத்தில் எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். பழைய டேட்டாபேஸ், உள்ளே இருப்பது 'லத்தீன்1' என்று தன்னைச் சொல்லிக்கொண்டு தமிழைச் சுமந்திருந்தது. இடையில் இருந்த மென்பொருள் அதை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக மாற்றிவிட்டது. எழுத்து எதுவும் அழியவில்லை. பழைய இடத்திலிருந்து லத்தீன்1 என்றே சொல்லி எடுத்து, கோப்பில் அந்தப் பெயரை 'யூடிஎஃப்8எம்பி4' என்று திருத்தி ஏற்றியதும் அம்மாவின் கைப்பக்குவம் அளவு பிசகாமல் திரும்பி வந்தது.

எழுத்துருச் சிக்கலில் அடிபட்ட மொழி நம்முடையது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முன்பு டிஸ்கி என்ற பழைய குறியீட்டில் நூல்களை வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. தன்னார்வலர்கள் பொறுமையாகச் செய்த அந்த இடமாற்றத்தால்தான் இன்று கைபேசியில் சங்க நூல்களைத் திறக்க முடிகிறது. அப்படிச் செய்ய ஆளில்லாத தனிமனிதர்களின் பக்கங்கள், ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் இருந்தவை, 2009 அக்டோபரில் அந்தச் சேவை மூடப்பட்டபோது தன்னார்வக் குழுக்கள் நகலெடுத்த அளவுக்குத்தான் மிஞ்சின.

என் வலைப்பூ பிளாகரில் சொந்தப் பெயரில் இருந்தது. அதையும் வேர்ட்பிரஸுக்குக் கொண்டுவந்தேன். தமிழ்த் தலைப்பிலிருந்து பிளாகர் முகவரிக்கு எழுத்து எடுக்காது. 'பிளாக்-போஸ்ட்' என்று போட்டுப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை எடுக்கும், ஆனால் 200 இடத்துக்குள் நிறுத்தும். ஒரு பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று இடம். மூன்று பைட்டுக்கு ஒன்பது. புள்ளியும் தனிக் குறியீடு, கொம்பும் தனிக் குறியீடு. 'மார்கழி மாதத்துக் கோலங்கள்' என்ற பதிவின் முகவரி 'மார்கழி-மாதத்துக்-கோலங்க' என்று நின்றுபோனது. அம்மா வாசலில் வைத்த பதினைந்து புள்ளிக் கோலத்தின் படம் இருக்கும் பதிவு அது. வலைப்பதிவுகளைத் திரட்டும் தமிழ்மணம் வந்த காலத்திலிருந்து எத்தனையோ பேர் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதினார். மாற்றித்தான் தீர வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புது முகவரிக்குக் கூட்டிப்போக '301' என்ற நிரந்தரத் திருப்பம் இருக்கிறது. பிளாகரிலிருந்து பதிவுகளை இழுத்துவரும் இம்போர்ட்டர், ஒவ்வொரு பதிவின் பழைய முகவரியையும் உள்ளே குறித்துவைக்கிறது. அதை வைத்து 412 பதிவுகளுக்கும் பட்டியல் போட்டேன். முகவரிகளுக்கு நானே சுருக்கமான பெயர் வைத்தேன். இரவு சாப்பாடு முடிந்து பத்துப் பதினைந்தாகச் சரிபார்க்கிறேன். இன்னும் எழுபது பாக்கி.

பள்ளித் தளத்தின் பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடினேன். முகப்பும் பதினோரு கட்டுரைகளும் கிடைத்தன. நாடகப் படங்களில் இரண்டு மட்டும். புதுப் பெயர் வாங்கி, மூன்று பேர் மின்னஞ்சலுக்கும் அறிவிப்பு வரும்படி வைத்து, கிடைத்தவற்றை ஏற்றியிருக்கிறோம். நண்பர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் ஒன்று முழுசாக இருக்கிறது. இன்னொன்றை எழுதியவர் தன் பழைய கணினியை அட்டத்திலிருந்து இறக்கித் தேடிக்கொண்டிருக்கிறார்.